உட்காராதே!

"உட்காராதே!" இந்த ஒரு சொல்லை நம் நாடு எத்தனை நூற்றாண்டுகளாகச் சொல்லி வந்திருக்கிறது! பண்ணையார் வீட்டு முற்றத்திலே உழவனைப் பார்த்துச் சொன்னது. திண்ணை காலியாகக் கிடந்தபோதும் தெருவிலே நில் என்றது. தோளில் கிடந்த துண்டு அக்குளுக்கு இறங்க, கைகட்டி, வாய்பொத்தி, கால்கடுக்க நிற்பதே பண்பு என்று பாடம் நடத்திற்று. தேநீர்க் கடைப் பலகையிலேகூட யார் அமரலாம், யார் தரையில் குந்தலாம், யார் எட்டி நிற்க வேண்டும் என்று பிறப்பைக் கேட்டு இடம் பிரித்தது. அமர்ந்தவன் உயர்ந்தவன், நின்றவன் தாழ்ந்தவன்! ஏட்டிலே எழுதிய நீதியை எரித்துவிடலாம். ஆனால், இந்த நீதி மனிதனின் காலிலே எழுதப்பட்டது. உவமைக்காக இதைச் சொல்லவில்லை. கெண்டைக்காலில் புடைத்து நெளியும் நீல நாளங்களாக, மாலையானால் வீங்கும் பாதமாக, கணுக்காலைச் சுற்றிக் கருத்துத் தடித்த தோலாக, உட்கணுவுக்குச் சற்று மேலே ஆண்டுக்கணக்கில் ஆறாத புண்ணாக அது எழுதப்பட்டிருக்கிறது. படிக்கத் தெரிந்தவர் படிக்கலாம்.

மருத்துவர் இதனை 'வெரிகோஸ் வெயின்' என்பார். பாடநூல் 'சுருள்சிரை நோய்' என்று எழுதும். சேலம், நாமக்கல் சமவெளியிலே நம் தாய்மார் "நரம்பு சுருட்டிக்கிச்சு" என்று ஒரே வரியில் முடித்துவிடுவர். அவர்களைக் குறை கூறுவதற்கில்லை. நரம்பு என்ற சொல் நம் மொழியில் பழமையானது. யாழின் தந்திக்கே அதுதான் பெயர். தோலுக்கடியில் கயிறுபோல் ஓடுவதையெல்லாம் அந்தப் பெயராலேயே மக்கள் அழைத்தனர். ஆனால், உணர்ச்சியைக் கடத்தும் நரம்பு வேறு. இதயத்திலிருந்து குருதியைக் கொண்டுசெல்லும் தமனி வேறு. உடலெங்கும் சென்ற குருதியை மீண்டும் இதயத்துக்குக் கொண்டுவரும் சிரை வேறு. மூன்றையும் ஒன்றாக்கிப் பேசுவதால் என்ன கேடு என்று கேட்கலாம். சந்தையிலே 'நரம்புத் தளர்ச்சிக்கு' லேகியம் விற்பவனிடம் சிரை நோய்க்காரர் போய் நிற்கிறாரே, அதுதான் கேடு. சொல் குழம்பினால் மருந்தும் குழம்பும்.

சரி, சிரையிலே என்னதான் இருக்கிறது? அதிலே கதவுகள் இருக்கின்றன! இதயத்தை நோக்கி மட்டுமே திறக்கும் மெல்லிய சிறு கதவுகள். அந்தக் கதவுகளின் கதை, அறிவுக்கும் அதிகாரத்துக்கும் நடந்த போரின் கதை.

இரண்டாம் நூற்றாண்டில் ரோமாபுரியிலே புகழ்பெற்றிருந்த காலன் என்ற மருத்துவர், உணவிலிருந்து குருதியைக் கல்லீரல் சமைக்கிறது, அது உடலெங்கும் பரவிச் செலவாகிவிடுகிறது, இதயத்தின் நடுச்சுவரிலே கண்ணுக்குத் தெரியாத துளைகள் உண்டு என்று எழுதினார். காலன் பேரறிஞர்தான், ஆனால், அவரைப் பின்பற்றியவர்கள் அவரைத் தெய்வமாக்கினர். ஆயிரத்து நானூறு ஆண்டுகள்! 'காலன் சொன்னார்' என்றால் கண்ணால் கண்டதையும் காணவில்லை என்று சொல்லும் காலம் அது. பதின்மூன்றாம் நூற்றாண்டிலே கெய்ரோவில் வாழ்ந்த இப்னு அல்-நபீஸ், அந்தச் சுவரிலே துளையே இல்லை, குருதி நுரையீரல் வழியாகத்தான் மறுபக்கம் போகிறது என்று எழுதினார். ஐரோப்பாவின் பல்கலைக்கழகங்களில் காலன்தான் கோலோச்சினார்.

1603 இல் இத்தாலியின் பதுவா நகரப் பேராசிரியர் பப்ரீசியஸ், சிரைக் கதவுகளைப் பற்றி ஒரு தனி நூலே வெளியிட்டார். அழகான படங்கள் வரைந்தார். எல்லாக் கதவுகளும் இதயத்தை நோக்கியே திறக்கின்றன என்பதும் அந்தப் படங்களிலே தெரிந்தது. ஆயினும் பொருளை அவர் கண்டாரில்லை! குருதி கைகால்களில் மிகுதியாகப் பாய்ந்துவிடாமல் தடுக்கும் மடைகள் இவை என்று காலன் வழியிலேயே விளக்கம் கூறிவிட்டார். கண் திறந்திருந்தது; கருத்துக்குத் தாழ்ப்பாள் போட்டிருந்தது.

அவரிடம் பயின்ற ஆங்கில மாணவர் வில்லியம் ஹார்வி. அவர் கேட்டது ஒரே கேள்வி: ஒருவழிக் கதவு என்றால் ஒருவழிப் பயணம்தானே? இதயம் ஒரு துடிப்புக்குத் தள்ளும் குருதியை மிகக் குறைவாகவே வைத்துக் கணக்கிட்டார். அரைமணி நேரத்துத் துடிப்புகளால் அதைப் பெருக்கினார். உடலில் உள்ள மொத்தக் குருதியையும் அது விஞ்சி நின்றது! அத்தனை குருதியைக் கல்லீரல் எந்த உணவிலிருந்து சமைக்கும்? ஆகவே, அதே குருதிதான் சுற்றிச் சுற்றி வருகிறது. 1628 இல் பிராங்பர்ட் நகரில் அச்சான அவருடைய சிறு நூல் இதைச் சொல்லிற்று. ஆசிரியர் தொழிலில் இருப்பவன் என்ற முறையில் எனக்கு அந்த நூலிலே பிடித்தது அதன் படம். ஒருவனுடைய மேற்கையிலே கட்டுப் போட்டிருக்கிறது, சிரைகள் புடைத்திருக்கின்றன, கதவு இருக்கும் இடமெல்லாம் முடிச்சுபோல் தெரிகிறது. ஒரு விரலால் சிரையை அழுத்திக்கொண்டு, மறு விரலால் அங்கிருந்து மேல்நோக்கி அடுத்த முடிச்சுக்கு அப்பால்வரை குருதியை வழித்துவிட்டால், இடைப்பட்ட பகுதி வெறுமையாகவே கிடக்கிறது. மேலிருந்து குருதி இறங்கி வருவதில்லை. கதவு தடுக்கிறது! எந்த வகுப்பறையிலும் எந்தச் செலவுமின்றிச் செய்து காட்டலாம். இதற்கு ஏடும் வேண்டாம், குருவின் அருளும் வேண்டாம். இரண்டு விரல்கள் போதும்.

பரிசாக ஹார்விக்குக் கிடைத்தது என்ன? நூல் வெளிவந்தபின் அவரிடம் வரும் நோயாளிகள் வெகுவாகக் குறைந்தனர் என்றும், பொதுமக்கள் அவரை மூளை கலங்கியவர் என்று எண்ணினர் என்றும் ஜான் ஆப்ரே குறித்து வைத்திருக்கிறார். தமனியையும் சிரையையும் இணைக்கும் நுண்ணிய நாளங்களை ஹார்வி பார்க்கவில்லை. அவர் மறைந்து நான்கு ஆண்டுகளுக்குப்பின், 1661 இல், மால்பீகி நுண்ணோக்கியிலே அவற்றைக் கண்டார். கணக்கு முன்னே சென்றது. கண் பின்னே வந்து சான்று பகர்ந்தது.

இனி, காலுக்கு வருவோம். ஓய்வாக இருக்கும் வேளையிலும் நம் இதயம் நிமிடத்துக்குச் சுமார் 5 லிட்டர் குருதியை வெளியே தள்ளுகிறது. பாதம்வரை இறங்கிய பங்கு, புவியீர்ப்பை எதிர்த்து மேலேற வேண்டும். ஏற்றுவது எது? கெண்டைக்கால் தசை! நடக்கும்போது அது சுருங்கிச் சிரையைப் பிழிகிறது; குருதி மேலேறுகிறது; தசை தளரும்போது கதவுகள் மூடிக்கொண்டு, ஏறியது இறங்காமல் தாங்குகின்றன. நம் ஏற்றக்காரன் சால் இறைத்த வேலையைத்தான் அந்தத் தசை ஓசையின்றிச் செய்கிறது. அசையாமல் நின்றால்? ஏற்றம் நின்றுவிடுகிறது. கணுக்காலில் சிரையின் அழுத்தம் பாதரச அளவில் 90 மில்லிமீட்டரை ஒட்டி ஏறி நிற்கும். நடக்கத் தொடங்கிய சில அடிகளிலேயே அது 30 அளவுக்கு இறங்கிவிடும். நாள்தோறும் பத்து மணி, பன்னிரண்டு மணி, ஆண்டுக்கணக்கில் அந்த அழுத்தத்தைத் தாங்கும் சிரை விரிகிறது. விரிந்த சட்டத்திலே கதவுகள் ஒன்றோடொன்று பொருந்தாமல் போகின்றன. குருதி பின்னோக்கி ஒழுகுகிறது. நாளம் நெளிகிறது, கசிவால் கால் வீங்குகிறது, தோல் கருக்கிறது, ஒரு சிறு கீறல் புண்ணாகிவிடுகிறது.

நிற்பது ஒன்றே காரணம் என்று சொன்னால் அது பகுத்தறிவு ஆகாது. பெற்றோர் வழி, வயது, உடற்பருமன் இவற்றுக்கும் பங்குண்டு. மகப்பேறு பெண்களின் சிரைகளுக்குப் பெருஞ்சுமை. ஆனால், நிற்பதன் பங்கைக் கணக்கிட்டும் பார்த்திருக்கிறார்கள். டென்மார்க்கு நாட்டிலே 12 ஆண்டுகள் தொழிலாளரைத் தொடர்ந்து கவனித்து 2005 இல் வெளியிட்ட ஆய்வு, வேலை நேரத்தின் பெரும்பகுதியை நின்றும் நடந்தும் கழிப்போர் இந்நோய்க்காக மருத்துவமனையில் சேர்வது மற்றவரைவிட ஏறத்தாழ 1.8 மடங்கு என்று கண்டது. இதை முன்பே மோப்பம் பிடித்தவர் ஒருவர் உண்டு. 1700 இல் இத்தாலியின் மோடினா நகரிலே பெர்னார்டீனோ ராமசீனி, தொழிலாளர் நோய்களைப் பற்றி ஒரு நூல் எழுதினார். நின்றே வேலை செய்வோருக்கென அதிலே ஓர் இயல். சிரை நெளிவும் கால் புண்ணும் அதிலே பேசப்படுகின்றன. நோயாளியிடம் 'உன் தொழில் என்ன?' என்று கேளுங்கள் என மருத்துவர்களுக்கு அவர் அறிவுரை கூறினார். 'உன் குலதெய்வம் எது? யார் குற்றம் வைத்தது?' என்று கேட்கும் நம் ஊர்க் குறிகாரரை ராமசீனிக்குப் பக்கத்தில் நிறுத்திப் பாருங்கள்!

நம்மை மட்டும் நொந்துகொள்ளவும் வேண்டியதில்லை. ஏதென்ஸ் நகரிலே, கிறித்துவுக்கு முன் நான்காம் நூற்றாண்டைச் சேர்ந்த ஒரு பளிங்குப் பலகை கிடைத்திருக்கிறது. ஒருவன் தன்னைவிடப் பெரிய காலொன்றைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்கிறான். அந்தக் காலிலே நெளிந்தோடும் சிரை தெளிவாகச் செதுக்கப்பட்டிருக்கிறது. நோய் தீர்க்கும் தேவனுக்கு அவன் செலுத்திய காணிக்கை அது. நம் மாரியம்மன் கோவில்களிலே தகட்டில் அடித்த கையையும் காலையும் கண்ணையும் உண்டியலில் போடுகிறோமே, அதே வழக்கம், அதே ஏக்கம். அந்தக் கிரேக்கனை நான் எள்ளி நகையாடமாட்டேன். அவனுக்கு வேறு போக்கிடம் இல்லை. நமக்கோ சேலத்திலே 1986 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. நாமக்கல்லிலும் 2022 ஜனவரியில் ஒன்று திறந்தாயிற்று. இன்னுமா தகட்டுக்கால்? இன்னுமா கணுக்காலில் மந்திரித்த கறுப்புக் கயிறு?

ஆனால், நோயாளியை மட்டும் ஏசிவிட்டுப் போவது எளிது. கயிற்றை அறுத்தெறிந்துவிட்டு மறுநாள் காலை ஒன்பது மணிக்கு அதே துணிக்கடையில் இரவுவரை நிற்க வேண்டுமென்றால், மருத்துவர்தான் என்ன செய்வார்? இங்கேதான் வரலாறு சட்டமன்றத்துக்குள் நுழைகிறது.

இங்கிலாந்திலே 1899 இல் கடைப் பணியாளர் இருக்கைச் சட்டம் பிறந்தது. மூன்று பெண் பணியாளருக்கு ஓர் இருக்கையேனும் போடவேண்டும் என்றது. நம் நாட்டிலே 1948 இல் இயற்றப்பட்ட தொழிற்சாலைச் சட்டத்தின் 44 ஆம் பிரிவு, நின்று வேலை செய்யும் தொழிலாளர் கிடைக்கும் இடைவேளைகளில் அமர்வதற்கு ஏற்பாடு வேண்டும் என்று கூறிற்று. அதற்கு ஓராண்டு முன்பு, 1947 இல், சென்னை மாகாணத்துக்கென வந்த கடைகள் நிறுவனங்கள் சட்டமோ, நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி என்று வேலை நேரத்தை வரையறுத்தது; வார விடுமுறை தந்தது; இருக்கையை மட்டும் மறந்தது! ஆலைத் தொழிலாளிக்குக் கால் உண்டு, கடைத் தொழிலாளிக்குக் கால் இல்லை என்று நினைத்தார்களோ, என்னவோ.

அந்த மறதி 74 ஆண்டுகள் நீடித்தது. சேலம் கடைவீதியிலும், தலைநகரின் தியாகராய நகரிலும் அடுக்குமாடித் துணிக்கடைகள் எழுந்தன. வாங்க வருபவருக்கு மெத்தை. எடுத்துக்காட்டும் பெண்ணுக்குத் தரை. விற்பனை இல்லாத வேளையிலும் அமரக்கூடாது; அமர்ந்தால் சோம்பேறி, சுவரில் சாய்ந்தால் ஒழுங்கீனம், கூலியில் பிடித்தம். பண்ணையாரின் முற்றம் குளிரூட்டப்பட்ட கூடமாக மாறிற்று, கட்டளை மாறவில்லை. கடைப் பணியாளரின் வாழ்வை வசந்தபாலன் 2010 இல் 'அங்காடித் தெரு' படமாக எடுத்தபோதுதான், புடவையை விரித்துக் காட்டும் கைக்குக் கீழே ஒரு காலும் உண்டு என்பது பலர் நினைவுக்கு வந்தது.

முதலில் எழுந்தவர்கள் கேரளப் பெண்கள், அமர்வதற்காக எழுந்தவர்கள்! கோழிக்கோட்டு மிட்டாய்த் தெருவிலே கடைகளில் வேலை செய்த பெண்களுக்குக் கழிப்பறைகூட இல்லை. நாள் முழுதும் தண்ணீர் குடிக்காமலே நின்றார்கள். தையல் தொழிலாளியான விஜி என்பவர் முன்னின்று 'பெண்கூட்டு' என்ற அமைப்பைக் கட்டினார். கழிப்பறை கேட்டுத் தொடங்கிய கிளர்ச்சி இருக்கை கேட்பதாக வளர்ந்தது. 2014 இன் இறுதியில் திருச்சூரிலே ஒரு துணிக்கடைப் பெண்கள் கடை வாயிலிலேயே உட்கார்ந்து போராடினர். உட்காரும் உரிமைக்கு உட்கார்ந்தே போர்! 2018 இல் கேரள அரசு சட்டத்தைத் திருத்தியது.

தமிழ்நாட்டில் 4-9-2019 அன்று கூடிய மாநிலத் தொழிலாளர் ஆலோசனை வாரியம், கடைப் பணியாளருக்கு இருக்கை வேண்டும் என்பதை ஒருமனதாக ஏற்றது. 6-9-2021 அன்று தொழிலாளர் நலத்துறை அமைச்சர் சி.வி. கணேசன் சட்டமன்றத்தில் திருத்த மசோதாவைக் கொண்டுவந்தார். 1947 ஆம் ஆண்டுச் சட்டத்திலே '22-அ' என்று ஒரு பிரிவு சேர்ந்தது. ஒவ்வொரு நிறுவனத்திலும் எல்லாப் பணியாளருக்கும் ஏற்ற இருக்கை இருக்கவேண்டும். வேலைக்கிடையே வாய்ப்புக் கிடைக்கும்போது அவர்கள் அமரலாம். பெண்களுக்கு மட்டுமன்று, ஆண்களுக்கும். மூவருக்கு ஒன்றன்று, அனைவருக்கும். லண்டன் சட்டத்தைவிட இது பரந்தது என்பதைப் பெருமையோடு சொல்லலாம். சொல்லிவிட்டு, அடுத்தமுறை தீபாவளிக்குத் துணி எடுக்கப் போகும்போது கடைக்குள் ஒரு கண்ணோட்டம் விடலாம். முக்காலி இருக்கிறதா? இருந்தால் அதிலே ஆள் இருக்கிறாரா, துணி மூட்டை இருக்கிறதா?

சட்டம் வரும்வரை நோய் காத்திராது. ஆகவே, மருத்துவம் சொல்வதையும் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது. நிற்கத்தான் வேண்டுமென்றால் சிலைபோல் நிற்க வேண்டா. குதிகாலை உயர்த்தி இறக்குங்கள். இரண்டடி நடந்து திரும்புங்கள். கெண்டைக்கால் ஏற்றம் இறைக்கட்டும். வீடு திரும்பியதும் படுத்து, காலை நெஞ்சுக்கு மேல் உயருமாறு தலையணையில் வையுங்கள். மருத்துவர் கூறும் இறுக்கக் காலுறையைக் காலையில் வீக்கம் ஏறுமுன்பே அணியவேண்டும். தமனியில் அடைப்பு உள்ளவருக்கு அதே காலுறை தீங்கு செய்யும்; ஆதலால் கடையில் கேட்டு வாங்கி மாட்டிக்கொள்வது கூடாது. பீடி, சிகரெட் புகைப்போருக்குத் தமனி சுருங்கி விரல் அழுகும் நோய் தனி. நடந்தால் கெண்டைக்கால் இழுத்துப்பிடிப்பதும் நின்றால் விடுவதும் அதன் அறிகுறி.

இரண்டு செய்திகள் உயிர் காப்பவை. நெளிந்த சிரை உடைந்து குருதி பீறிட்டால் பலர் பதறி நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு ஓடுகின்ற குருதியையே பார்த்துக்கொண்டிருப்பர். உடனே படுக்கவைத்துக் காலை உயர்த்திச் சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்தாலே பெரும்பாலும் நிற்கும், பிறகு மருத்துவமனை. மற்றது, ஒரு கால் மட்டும் திடீரென வீங்கி வலித்தால் உள்சிரையில் குருதி உறைந்திருக்கலாம். 'சுளுக்கு' என்று எண்ணெய் போட்டு உருவிவிடாதீர்கள்! உறைந்த கட்டி நழுவி நுரையீரலை அடைத்தால் உயிரே போகும். எங்கள் பக்கத்தில் உருவிவிடுவதிலே கைதேர்ந்த முதியவர்கள் பலர். அவர்களிடம் இதை மரியாதையோடு, ஆனால் உறுதியோடு, எடுத்துச் சொல்லவேண்டும்.

அறுவை என்றால் அஞ்சுவோர்க்கு ஒரு சொல். 1891 இல் ஜெர்மானிய மருத்துவர் டிரென்டலன்பர்க், ஒழுகும் சிரையை மேலேயே கட்டிவிடும் முறையை வெளியிட்டார். பிறகு அதை உருவி எடுத்தனர். இன்று ஒலியலைக் கருவியால் எந்தக் கதவு பழுது என்று கண்டறிந்து, லேசர் ஒளியாலோ வானொலி அலை வெப்பத்தாலோ அந்தச் சிரையை உள்ளேயே மூடிவிடுகின்றனர். பெரும்பாலோர் அன்றோ மறுநாளோ வீடு திரும்புகின்றனர். புடவைக் கரையால் காலை மறைத்துக்கொண்டு பத்தாண்டு பொறுத்துப் புண் வந்தபின் போவதால்தான் மருத்துவம் நீள்கிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்திலே குருதி அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கப் பணியாளர் வீட்டுக்கு வந்தால், காலையும் காட்டுங்கள் என்று நம் வீட்டுப் பெண்களுக்குச் சொல்வோம்.

நம் சமவெளியின் பெருங்கூட்டம் கடைவீதியில் இல்லை, தறிக்கூடத்தில் இருக்கிறது. குழித்தறிக்காரர் அமர்ந்து நெய்தார். முதுகும் முழங்காலும் தேய்ந்தன என்றாலும், மிதியை மாற்றி மாற்றி மிதித்ததில் கெண்டைக்காலுக்கு வேலை இருந்தது. விசைத்தறி வந்தது, காலின் வேலையை மின்சாரம் எடுத்துக்கொண்டது, கால் நிற்பதற்கென்றே மிஞ்சிற்று. பள்ளிபாளையம், குமாரபாளையம், திருச்செங்கோடு, இளம்பிள்ளைப் பக்கங்களில் நாலு தறி, ஆறு தறி ஓடும் கூடங்களிலே ஷிப்டு முழுதும் இழை அறுவதைப் பார்த்தபடி ஒருவர் நிற்கிறார். நடக்கத்தானே செய்கிறார் என்பர் முதலாளிமார். தறிக்கும் தறிக்கும் இடையே இரண்டடிச் சந்தில் என்ன நடை? தொழிற்சாலைச் சட்டம் மின்விசையோடு 10 பேர் வேலை செய்யும் இடத்தைத்தான் தொழிற்சாலை என்றது. 2020 இல் நாடாளுமன்றம் நிறைவேற்றி 21-11-2025 முதல் நடைமுறைக்கு வந்த புதிய தொகுப்புச் சட்டமோ அந்த எண்ணிக்கையை 20 ஆக்கிற்று. மூவரும் நால்வரும் நிற்கும் சிறு கூடம் இரண்டு கணக்கிலும் சிக்காது.

அங்கே இருக்கை வருவதென்றால் கூலிப் பேச்சு வழியாகத்தான் வரவேண்டும். தொழிற்சங்கங்களும் உரிமையாளர் சங்கங்களும் கூலிக்கும் போனசுக்கும் ஒப்பந்தம் எழுதுவது இந்த வட்டாரத்துக்குப் புதிதன்று. அடுத்த ஒப்பந்தத்திலே கூலி உயர்வுக்குக் கீழே இன்னொரு வரியும் எழுதச் சொல்லலாம்: ஆளுக்கொரு முக்காலி, ஷிப்டுக்கு இருமுறை கால் மணி நேரம் காலை நீட்டி அமர இடைவேளை.